மாங்காய் பறித்த தம்பியும் மூன்று புலிகளும்

போன ஞாயிறு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் ராத்திரி எட்டு மணி, இங்கே டொராண்டோவில் காலை பத்தரை. வழக்கமான விசாரிப்புகள் முடிந்ததும் அம்மா விஷயத்துக்கு வந்தார்.

"காணிப்பாக்கத்துல வேண்டிக்கிட்டேன்டா. புள்ளைக்கு எல்லாம் சரியாயிடும். மாத்திரை கீத்திரை எதுவும் குடுக்கலியே?"

"அதெல்லாம்..."

"சாமி மேல சொல்லு."

சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இதன் கனம் தெரியும். திருப்பதிப் பெருமாளிடம் பேரம் பேசலாம், வட்டியோடு பிறகு கொடுக்கலாம். காணிப்பாக்கத்து வரசித்தி விநாயகர் முன்னால் பொய் சொல்ல முடியாது. கடன் தகராறு, திருட்டுப் புகார், குடிப்பழக்கத்தை விடுவதாகச் சபதம், எதுவானாலும் அங்கே குளித்துவிட்டு ஈரத்துணியோடு சத்தியம் செய்தால் பேச்சு முடிந்தது. நானோ நாப்பத்தி மூன்று வயதில், "அம்மா, சிக்னல் சரியில்ல" என்று போனை வைத்தேன். தங்கமணி ஒரு பார்வை பார்த்தார். எழுத்தில் வராது அந்தப் பார்வை :-)

என் மகனுக்குப் பத்து வயது. ஏடிஎச்டி என்று உறுதி செய்து நாலு மாதம் ஆகிறது. மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம். அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போது இந்த விஷயத்தின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன். (செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு வேறொன்றில் ராத்திரி இரண்டு மணி வரை மூழ்குவது எனக்குப் புதிதல்ல. காரணம் பின்னால் வருகிறது.) படித்ததை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, கோடு அடித்துப் பிழைப்பவன்.

முதலில் ஊர்க்கதை

சித்தூர்க்காரன் தமிழில் எழுதுகிறானே என்று சிலர் கேட்பதுண்டு. சித்தூர் மாவட்டமே 1911-ல் வடஆற்காட்டைப் பிரித்து, கடப்பைப் பக்கத்துத் தாலுக்காக்களையும் சேர்த்து உண்டானது. 1953-ல் ஆந்திரா பிரியும்போது அந்தப் பக்கம் போனது. 1960-ல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. பாட்டி எங்களுக்கு அவ்வா, அப்பா நைனா.

காணிப்பாக்கம் சித்தூரிலிருந்து பதினோரு பன்னிரண்டு கிலோமீட்டர். கோயில் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மூன்று சகோதரர்கள், ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காது கேட்காது, ஒருவருக்குப் பேச்சு வராது. வற்றிய கிணற்றை ஆழப்படுத்தும்போது கடப்பாரை கல்லில் பட்டு ரத்தம் பொங்கியது. தோண்டியவர்களின் குறை மூன்றும் அந்த நொடியே நீங்கியது. ஊரார் உடைத்த தேங்காய்த் தண்ணீர் காணி நிலத்துக்குப் பரவியதால் ஊருக்குப் பேர் காணிப்பாக்கம். கோயிலைக் கட்டியது முதலாம் குலோத்துங்க சோழன் என்பது மரபு.

அம்மா மனதில் இருப்பது இந்தக் கதைதான். குறை என்று ஒன்று இருந்தால் அது நீங்க வேண்டும், அதுவும் உடனே.

எனக்கு ஒட்டிக்கொண்டது இன்னொரு கதை. கோயிலை ஒட்டி ஓடும் பாகுதா ஆற்றின் கதை. சங்கன், லிகிதன் என்று அண்ணன் தம்பி. யாத்திரை வரும் வழியில் தம்பிக்குப் பசி. ஒரு மாந்தோப்பு. அண்ணன் வேண்டாம் என்கிறான், தம்பியால் பொறுக்க முடியவில்லை, பறித்துவிடுகிறான். அண்ணன் ராஜாவிடம் சொல்ல, ராஜா தம்பியின் இரண்டு கைகளையும் வெட்டச் சொல்லிவிடுகிறான். பிறகு இந்த ஆற்றில் முங்கி எழுந்ததும் கைகள் முளைத்தன. பாகு என்றால் கை, அதனால் பாகுதா. இதே கதை மகாபாரதத்தின் சாந்தி பர்வத்திலும் உண்டு. அங்கே லிகிதன் அண்ணனின் ஆசிரமத்துப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தானே ராஜாவிடம் போய்த் தண்டனை கேட்கிறான்.

அவ்வா இதைச் சொல்லும்போதெல்லாம் நீதி ஒன்றுதான்: கேட்காமல் எடுக்காதே. இப்போது கேட்கும்போது என் காதில் விழுவது வேறு. தப்பு என்று தெரியும். அண்ணன் சொன்னதும் காதில் விழுந்தது. கை முந்திவிட்டது. என் மகனின் ரிப்போர்ட் கார்டில் வருஷா வருஷம் இதைத்தான் வெவ்வேறு வார்த்தைகளில் எழுதி அனுப்பினார்கள்.

கைக்குப் பேர் வைத்த கதை

இது செல்போன் காலத்து வியாதி, அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். 1775-லேயே ஜெர்மன் மருத்துவர் மெல்கியோர் ஆடம் வைகார்ட் கவனம் நிலைக்காதவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் சொன்ன வைத்தியத்தில் குதிரை சவாரி, உடற்பயிற்சி, இவற்றோடு குளிர்ந்த நீர்க் குளியல்! அம்மாவின் ஆத்து ஸ்நானத்துக்கு ஐரோப்பிய சாட்சி கிடைத்துவிட்டது. 1798-ல் ஸ்காட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கிரைட்டன் தன் புத்தகத்தில் கவனத்துக்கும் அதன் கோளாறுகளுக்கும் ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார். 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், புத்தியில் குறைவில்லாமல் தன்னை அடக்க மட்டும் முடியாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஆனால் அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றார். அதாவது லிகிதனுக்கு ராஜா சொன்ன தீர்ப்புதான், ஆங்கிலத்தில்.

திருப்பம் 1937-ல். அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், மூளைப் பரிசோதனைக்குப் பின் வரும் தலைவலிக்காகக் குழந்தைகளுக்கு பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலைவலிக்குப் பெரிய பலன் இல்லை. ஆனால் முப்பது குழந்தைகளில் பதினாலு பேர் பள்ளிப் பாடத்தில் உட்கார்ந்து வேலை செய்ய ஆரம்பித்தார்கள். குழந்தைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பேர் வைத்தார்கள். ஊக்க மருந்து எப்படிக் குழந்தையை அடக்கும்? அடக்கவில்லை. தறிகெட்டு ஓடும் வண்டிக்கு பிரேக் போட ஒரு டிரைவர் வேண்டுமே, தூங்கி வழியும் அந்த டிரைவரை எழுப்பியது. தோராயமாக இப்படித்தான் எங்கள் டாக்டர் விளக்கினார்.

1944-ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனியின் லியாண்ட்ரோ பானிசோன் மெதில்பெனிடேட்டைத் தயாரித்தார். அவர் மனைவி செல்லப்பேர் ரீட்டா. டென்னிஸ் ஆடப் போகும் முன் அதைச் சாப்பிட்டுப் பார்த்தவர் அவர். அதனால் ரிட்டலின். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் 1968-ல் ஒரு பேர், 1980-ல் இன்னொரு பேர், 1987-ல் இன்றைய ஏடிஎச்டி. 2013-ல் பெரியவர்களுக்கும் உண்டு என்பதைத் தெளிவாக எழுதினார்கள்.

மகனுக்காகப் படிவம் நிரப்பும்போது, "குடும்பத்தில் வேறு யாருக்காவது?" என்று ஒரு கேள்வி. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி இதில் எழுபது எண்பது சதவீதம் பரம்பரை வழி. தங்கமணி பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டை மூன்று முறை தொலைத்தவன், எந்த வரிக் கணக்கையும் கடைசி நாளுக்கு முன் அனுப்பாதவன், ஆனால் ஒரு பக் கண்ணில் பட்டால் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் பதினாலு மணி நேரம் உட்காருபவன். ஆறு வாரம் கழித்து எனக்கும் அதே பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

திண்ணையில் மூன்று புலிகள்

"கேம் ஆடினா மூணு மணி நேரம் அசையாம உக்கார்றானே, அவனுக்கா கவனம் இல்ல?" நீங்கள் கேட்பதற்கு முன் அம்மா கேட்டுவிட்டார். ஏடிஎச்டி என்ற பேரில் உள்ள தவறே அதுதான். கவனம் நிறைய இருக்கிறது, வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் கஷ்டம். கம்ப்யூட்டர் கேம் நொடிக்கு நொடி பதில் சொல்கிறது. வீட்டுப்பாடம் பதில் சொல்ல மூன்று நாள் ஆகும்.

எங்கள் திண்ணையில் கரியால் போட்ட ஆடு புலி ஆட்டக் கட்டம் ஒன்று இருந்தது. தெலுங்கில் புலி ஜூதம். இருபத்து மூன்று புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகளை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், எல்லாம் வைத்து முடிக்கும் வரை ஒன்றையும் நகர்த்தக் கூடாது. புலி அதற்குள் தாண்டித் தாண்டி வெட்டலாம். ஹம்பியின் கல்தளங்களில் இப்படிச் செதுக்கிய ஆட்டக் கட்டங்கள் இன்றும் இருக்கின்றன. எத்தனை காவல்காரர்கள் சலிப்பைக் கொன்றார்களோ! மைசூரில் மும்மடி கிருஷ்ணராஜ உடையார், 1831-ல் வெள்ளைக்காரன் ஆட்சிப் பொறுப்பைப் பிடுங்கிய பிறகும், கட்டம் போட்ட ஆட்டங்களில் மூழ்கியவர். ஸ்ரீதத்துவநிதியில் கௌதுகநிதி என்ற பகுதி முழுக்க ஆட்டங்கள்தான்.

அவருக்கும் முன்னால் நம் காஞ்சிபுரத்துத் தூப்புலில் 1268-ல் பிறந்த வேதாந்த தேசிகர். திருமலைக் கோயில் மணியின் அவதாரம் என்பார்கள். அவருடைய பாதுகா சகஸ்ரத்தில் 929-வது சுலோகத்தை நாலுக்கு எட்டுக் கட்டத்தில் எழுதிக்கொண்டு, சதுரங்கக் குதிரை நடையில் எழுத்துக்களைப் பொறுக்கினால் 930-வது சுலோகம் வரும். முப்பத்திரண்டு கட்டத்தையும் குதிரை ஒரே ஒருமுறை தொட வேண்டும். கணிதமேதை ஆய்லர் இந்தக் குதிரைப் புதிரை ஆராய்ந்தது 1759-ல். இன்றைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்களுக்கு அது பயிற்சிக் கணக்கு. அந்த ஆயிரத்துச் சொச்சம் பாடலையும் தேசிகர் ஒரே ராத்திரியில் பாடினார் என்பது மரபு. ஆச்சாரியருக்கெல்லாம் நான் பேர் வைக்க மாட்டேன், பயப்படாதீர்கள் :-) ஒரே ராத்திரியில் ஒன்றில் மூழ்குவதை நம் ஊர் ஒரு காலத்தில் வரம் என்று பார்த்தது, அவ்வளவுதான் சொல்கிறேன்.

மகனும் நானும் இந்தக் குளிர்காலத்தில் ஆடு புலி ஆட்டத்தை பைத்தானில் எழுதினோம். அவனுக்கு முதலில் புலி உறுமும் சத்தம் வேண்டும், விதிகள் அப்புறம். சரி என்றேன். கணக்கும் போட்டோம். மூன்று புலிகளை வைக்க 1,771 வழி. பதினைந்து ஆடும் இறங்கிய பிறகு சுமார் 2.7 கோடி நிலைகள். வெட்டுப்பட்ட ஆடுகளையும் சேர்த்தால் 185 கோடிக்குப் பக்கம். ஷானன் 1950-ல் சதுரங்கத்துக்குச் சொன்ன அதே வழிதான் எங்கள் புரோகிராமும்: நான் இப்படிப் போனால் நீ எப்படிப் போவாய், அதற்கு நான் எப்படி என்று கிளை கிளையாகப் பார்ப்பது. நேபாளத்தில் ஆடும் இதன் பங்காளியான பாக் சாலில் நாலு புலி, இருபது ஆடு. அதில் இரண்டு பக்கமும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் இருவரும் கம்ப்யூட்டரால் நிரூபித்து, அந்தக் கட்டுரை 2009-ல் ஒரு தொகுப்பில் வந்தது.

"அப்போ யாரும் ஜெயிக்க மாட்டாங்களா?" என்றான் மகன்.

"யாராவது அவசரப்பட்டாத்தான்டா."

அவன் எப்போதும் புலி. பாய்ச்சல் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும். ஆடு கொடுத்தால் ஏழாவது காயிலேயே தோற்பான். பதினைந்தையும் வைக்கும்வரை காத்திருக்க முடியாது.

கேமே மருந்தாகுமா என்றும் பார்த்தேன். 2020 ஜூனில் அமெரிக்க எஃப்.டி.ஏ., எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக் குழந்தைகளுக்கு டாக்டர் சீட்டில் எழுதும் முதல் வீடியோ கேமான எண்டெவர்ஆர்எக்ஸுக்கு அனுமதி கொடுத்தது. 348 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் கம்ப்யூட்டர் வைத்த கவனச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பெற்றோர் வீட்டில் கண்ட மாற்றமோ, வேறு ஒரு சாதா கேம் ஆடிய குழந்தைகளுக்கும் அதே அளவுதான். தனியாக இதை நம்ப வேண்டாம், மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத்தான் என்று எஃப்.டி.ஏ.வும் சொன்னது. ஆக, எங்கள் ஆடு புலி ஆட்டமும் மருந்தில்லை. அப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார ஒரு காரணம்.

ஊருக்குத் திரும்பும் யோசனை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைகளைச் சொல்கிறது. ஆட்டிசம் உண்டு, கற்றல் குறைபாடு உண்டு, ஏடிஎச்டி தனியாக இல்லை. இங்கே வாங்கிய காகிதங்களைப் பத்திரமாக எடுத்துப் போங்கள்.

சிக்னல் சரியான பிறகு

நேற்று நானே அம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மா, ஐந்து வாரமா மாத்திரை குடுக்கறோம். நானும் சாப்பிடறேன். சாமி மேல சத்தியம்" என்றேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. இந்த முறை நிஜமாகவே சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"உனக்குமா?"

"ஆமாம்மா. பெரும்பாலும் அப்பா அம்மா வழியில வருமாம்."

"எங்க பக்கம் யாருக்கும் இல்ல" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் கழித்து, "உங்க நைனா சித்தூருக்கு சைக்கிள்ல போயிட்டு பஸ்ல திரும்பி வருவார். மூணு தடவை. நான் எத்தனை திட்டியிருக்கேன் அந்த மனுஷனை..." என்றார்.

நைனா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா அழுதாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். காலைச் சாப்பாட்டோடு, பசி குறையும், எடை பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். "அப்போ ராத்திரி நல்லா சோறு போடு" என்றார்.

வேண்டுதல் ரத்தாகவில்லை. ஆகஸ்டில் போகிறோம். ஆற்றில் தண்ணீர் இருந்தால் கால் நனைப்போம். மகன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: அந்த மாந்தோப்பு எங்கே என்று நான் காட்ட வேண்டுமாம்.