புகையின் கூரை

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் மார்கழி விடியலில் கண்டிருப்பர்: தாராவிக் கும்பார்வாடாவின் சூளைப் புகை மேலெழாமல் வீட்டுக் கூரைகளின் மீதே படிந்து நிற்கும். நண்பகலில் அது எங்கோ மறைந்துவிடும். புகையைத் தன்னுள் கலந்துகொள்ளும் காற்றுப் படலத்தின் உயரம் பொழுதுக்குப் பொழுது மாறுவதே காரணம். அவ்வுயரத்தை மனிதன் கணிக்கக் கற்ற வரலாற்றைச் சிறிது காண்போம்.

பம்பாயில் கொலாபா ஆய்வுக்கூடம் 1826-இலேயே தோன்றிற்று. ஆயினும் வெப்பமானி தரையின் செய்தியைத்தான் சொல்லும். தலைக்கு மேல் அரை மைலில் நிகழ்வதை அது அறியாது. மேற்காற்றை ஆராய 1914-இல் ஆக்ராவில் ஒரு நிலையம் ஏற்பட்டது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே. ஆர். இராமநாதன் பின்னர் அங்கே பணிபுரிந்தார். கொலாபாவின் தலைமையையும் ஏற்றார். அக்காலத்தில் தானே பதியும் கருவி ஒன்றைப் பலூனில் கட்டி விடுவர். பலூன் வெடித்துக் கருவி எங்கோ வயலில் விழும். கண்டெடுத்தவர் கொணர்ந்து கொடுத்தாலன்றி அன்றைய கணக்கு இல்லை! பிரான்சில் பூரோ 1929-இலும், ருஷ்யாவில் மோல்ச்சனோவ் 1930-இலும் வானொலிக் கருவியைப் பலூனில் ஏற்றிய பிறகே இத்தொல்லை நீங்கலாயிற்று.

1964-இல் அமெரிக்கரான ஹோல்ஸ்வொர்த் வெளியிட்ட முறை எளியது. மேலெழும் உலர்ந்த காற்று நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு பாகை குளிரும். காலைப் பலூன் தந்த வெப்பநிலைகளைப் படத்தில் குறித்து, அன்றைய உச்ச வெப்பநிலையிலிருந்து இவ்விகிதப்படி ஒரு கோடு வரைய வேண்டும். இரண்டும் வெட்டுமிடமே அன்று புகை கலக்கும் உச்ச உயரம். பிற்பகல் வெப்பம் 32 பாகை என்று கொள்வோம். காலையில் 800 மீட்டர் உயரத்தில் 24 பாகை இருந்திருந்தால், விடை 800 மீட்டர்.

பம்பாய்க்கு இம்முறை அப்படியே பொருந்தாது என்பது நம் கருத்து. பகலில் வீசும் கடற்காற்று குளிர்ந்த காற்றைத் தரையோரம் புகுத்திக் கூரையைத் தாழ்த்திவிடுகிறது. காலைப் பலூன் அதனை அறியாது.

செம்பூருக்கு இது வெறும் கணக்கன்று. அருகே டிராம்பேயில் 1954-இலும் 1955-இலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும், 1965-இல் உர ஆலையும் எழுந்தன. இரவில் குளிர்ந்த தரைக்காற்றுக்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடியாக நிற்க, உயர்ந்த புகைபோக்கியின் புகை அம்மூடியின் மட்டத்திலேயே மிதக்கிறது. வெயிலில் சூடேறிய தரைக்காற்று கலங்கி மேலெழுந்து அதனை எட்டும்போது, இரவெல்லாம் மேலே நின்ற புகை ஒருசேரத் தரைக்கு இறங்கிவிடுகிறது. சூரியன் உதித்துச் சில நாழிகை கழிந்து, பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் வேளை அது.