வீட்டிலேயே இசைப்பதிவு: எந்த மென்பொருள் யாருக்கு ஏற்றது?

ஒரு கணினியும் ஒலிவாங்கியும் இருந்தால் வீட்டிலேயே பாடலைப் பதிவு செய்து தொகுக்க முடியும் என்ற நிலை உருவாகியுள்ளது. இதற்கான மென்பொருள்கள் பல இருப்பதால், புதிதாகத் தொடங்குவோருக்குக் குழப்பம் எழுவது இயல்பு. விலையைக் காட்டிலும், செய்யவிருக்கும் பணியையும் கைவசமுள்ள கணினியையும் கருத்தில்கொண்டு தேர்வு செய்வதே சிறந்தது.

ஆடாசிட்டி:
கடந்த 2000-ஆம் ஆண்டு வெளியான இந்தத் திறந்த மூல மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. தம்புரா சுருதியுடன் பாடிப் பதிவு செய்யவும், பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றவும் இது போதுமானது. மிடி விசைப்பலகையில் வாசிப்பதை மிடி வடிவில் பதிவு செய்யும் வசதி இதில் இல்லை. இரைச்சல் குறைப்பு போன்ற மாற்றங்கள் பதிவின் மீதே நேரடியாகச் செய்யப்படுகின்றன. சேமித்து மூடிய பிறகு அவற்றைத் திரும்பப் பெற இயலாது. எனவே, மூலப் பதிவின் நகலைத் தனியே வைத்துக்கொள்வது அவசியம்.

கராஜ்பேண்ட்:
ஆப்பிள் நிறுவனம் 2004-இல் அறிமுகப்படுத்திய இம்மென்பொருள் மேக், ஐபோன், ஐபேட் ஆகியவற்றில் மட்டுமே கட்டணமின்றி இயங்கும். மெய்நிகர் இசைக்கருவிகள் உடன் வருவதால் தனியாக இசையமைப்போருக்கு ஏற்றது. இதில் தொடங்கிய பணியை லாஜிக் ப்ரோ மென்பொருளில் தொடரலாம்.

ரீப்பர்:
குரல், வயலின், மிருதங்கம் எனத் தனித்தனித் தடங்களில் பதிந்து கலப்போருக்கு இது உகந்தது. பழைய கணினிகளிலும் சீராக இயங்கக்கூடியது. 60 நாள்கள் பயன்படுத்திப் பார்த்த பின்னர், தனிநபர்கள் 60 அமெரிக்க டாலர் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். உடன் வரும் இசைக்கருவி ஒலிகள் குறைவு. பழகுவதற்குச் சற்றுக் காலம் பிடிக்கும்.

புரோ டூல்ஸ்:
தொழில்முறை ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவலாகப் பயன்படுவது இது. இதன் கட்டணமில்லா 'இன்ட்ரோ' பதிப்பில் 8 ஒலித்தடங்கள் வரை பயன்படுத்தலாம்.

ஒலித் தாமதம்:
பாடுபவரின் குரல் கணினி வழியாகச் சென்று காதொலிப்பானில் தாமதமாகக் கேட்டால் தாளம் தவறும். மென்பொருளின் 'பஃபர்' அளவே இத்தாமதத்துக்கு முக்கியக் காரணம். 48,000 ஹெர்ட்ஸ் பதிவில் 128 மாதிரிகள் கொண்ட பஃபர் ஏறத்தாழ 2.7 மில்லி விநாடி தாமதத்தையும், 1,024 மாதிரிகள் கொண்டது ஏறத்தாழ 21 மில்லி விநாடி தாமதத்தையும் சேர்க்கும். பதிவின்போது சிறிய அளவையும், கலவையின்போது பெரிய அளவையும் அமைப்பது நல்லது. பதிவின்போது புளூடூத் காதொலிப்பான்களைத் தவிர்க்க வேண்டும்.

பாதுகாப்பு:
ஒரு மென்பொருளின் திட்டக் கோப்பு பெரும்பாலும் மற்றொன்றில் திறக்காது. ஆகவே, பணி முடிந்ததும் ஒவ்வொரு தடத்தையும் தொடக்கப் புள்ளி மாறாமல் 'வேவ்' கோப்பாக மாற்றி, வேறொரு வன்தட்டில் சேமிக்க வேண்டும். 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒற்றைத் தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.6 மெகாபைட் இடம் தேவைப்படும். மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், வீட்டு மூத்தோர் ஒருமுறை பாடிய பாடல் அழிந்தால் அதனை மீண்டும் பதிவு செய்யும் வாய்ப்பு அமையாமல் போகலாம்.