நாற்றத்தின் வரலாறும் தில்லியின் பொதுவெளிக் கலையும்

2014 அக்டோபரில் இந்திய அரசு தேசியக் காற்றுத் தரக் குறியீட்டை அறிவித்தபோது, அதன் நோக்கத்தை மூன்று தொடர்களில் சொன்னது: ஒரு எண், ஒரு நிறம், ஒரு விளக்கம். எட்டு மாசுப்பொருள்களின் அளவுகளிலிருந்து 0 முதல் 500 வரையிலான ஓர் எண்ணைக் கணித்து, பச்சையில் தொடங்கி அடர்சிவப்பில் முடியும் ஆறு நிறங்களுள் ஒன்றை அதற்கு வழங்குவது இந்த ஏற்பாடு. இதன் பயனை மறுப்பதற்கில்லை. தில்லியில் பள்ளிகளை மூடுவதும் கட்டுமானப் பணிகளை நிறுத்துவதும் இன்று இந்த எண்ணைக் கொண்டே முடிவாகின்றன. எனினும் அதன் விளைவாக மாசு என்பது பெரிதும் கண்ணால் படித்தறியும் செய்தியாகிவிட்டது. மூக்கும் தொண்டையும் தோலும் தரும் சான்றுக்கு ஆவணங்களில் இடமில்லை.

கடந்த இருபது ஆண்டுகளாகத் தில்லியின் பொதுவெளிக் கலைஞர்கள் சிலர் அந்தப் புலன்களை மீண்டும் சாட்சிக்கு அழைத்து வருகின்றனர். வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் இந்திய நகரங்களில் புலனுணர்வுக்கு, குறிப்பாக முகர்தலுக்கு, ஒரு பழைய வரலாறு உண்டு. அதை விட்டுவிட்டு இக்கலையை மதிப்பிட இயலாது என்பதே இப்பதிவின் வாதம்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘நாற்றம்’ என்ற தமிழ்ச்சொல் பழைய இலக்கியங்களில் நறுமணத்தையும் குறித்தது. இன்று அது கெட்ட வாடைக்கு மட்டுமே உரியதாகிவிட்டது. தில்லியின் மொழிகளிலும் இதையொத்த மாற்றம் நிகழ்ந்துள்ளது. பாரசீகத்தில் ‘பூ’ என்பது பொதுவாக மணம். அதனோடு நல்லதைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து ‘குஷ்பூ’வும், தீயதைக் குறிக்கும் முன்னொட்டுச் சேர்ந்து ‘பத்பூ’வும் பிறந்தன. ஆனால் இன்றைய இந்தியில் ‘பூ’ தனித்து வந்தால் பெரும்பாலும் துர்வாடையையே சுட்டும். இரு மொழிக் குடும்பங்களில் ஒரே திசையில் நிகழ்ந்த பொருள் இழிபு இது. முகர்தல் என்னும் செயலின் மீதே ஒரு சந்தேகம் படிந்திருப்பதை இச்சொற்கள் காட்டுகின்றன.

எப்போதும் இப்படியே இருந்ததில்லை. கோடையில் வெட்டிவேர்த் தட்டிகளில் நீர் தெளித்து அறையைக் குளிர்வித்த வழக்கத்தை அபுல் ஃபசலின் ‘ஐன்-இ-அக்பரி’ குறிப்பிடுகிறது. வெப்பத்தைத் தணிக்கும் பொறியும் மணம் பரப்பும் பொருளும் அங்கே ஒன்றாகவே இருந்தன. கன்னோசியின் அத்தர்த் தொழிலாளர்கள் சுட்ட களிமண்ணை வாலையிலிட்டு வடித்து, முதல் மழையின் மண்வாசனையைச் சந்தன எண்ணெயில் பிடித்துவைத்தனர். 1964இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் ஆகியோர் அந்த மணத்துக்குப் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்த இந்திய அத்தரையும் எடுத்துக்காட்டினர். நவீன அறிவியல் பெயர் சூட்டுவதற்கு முன்பே கைவினைஞர்கள் அந்த மணத்தைப் பிரித்தெடுத்து விற்றுவந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முகர்தலுக்கு வேறொரு பணியைக் கொடுத்தது. அழுகும் பொருள்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோயைப் பரப்புகிறது என்ற மியாஸ்மா கோட்பாடு அன்றைய பொதுச் சுகாதாரச் சிந்தனையில் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1858இல் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பிரித்தானிய நாடாளுமன்றத்தையே நிலைகுலையச் செய்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து இந்தியா அரசியின் நேரடி ஆட்சிக்குள் வந்ததும் அதே ஆண்டில்தான். அடுத்து வந்த சுகாதார விசாரணைகளும் நகராட்சி விதிகளும் ‘உள்ளூர் மக்கள்’ வாழும் பகுதிகளை மூக்கால் அளந்தன. படைவீரர் குடியிருப்பையும் பழைய நகரையும் பிரித்த திட்டமிடலில் இந்த அச்சத்துக்குப் பெரும் பங்குண்டு. 1884இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் காலரா நுண்ணுயிரை உறுதிப்படுத்தினார். கோட்பாடு மெல்ல வீழ்ந்தது. ஆனால் நாற்றம் வீசும் இடத்தில் வாழ்பவரே அந்நாற்றத்துக்குக் காரணம் என்ற எண்ணம் மட்டும் வீழவில்லை.

2004இல் தில்லியின் யமுனைப் புஷ்தாவில் அதைக் காண முடிந்தது. ஆற்றங்கரையில் இருந்த பல்லாயிரம் ஏழை மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டன. அவர்கள் ஆற்றை மாசுபடுத்துகின்றனர் என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. யமுனையில் கலக்கும் கழிவின் பெரும்பகுதியோ நகரம் முழுவதிலிருந்தும் நஜஃப்கர் போன்ற பெருங்கால்வாய்கள் வழியே வருவது. குடிசைகள் போன பிறகும் ஆறு தூய்மையடையவில்லை. மேல்தட்டு, நடுத்தர வர்க்கத்தின் அழகுணர்வும் சுகாதார அச்சமும் சுற்றுச்சூழல் அக்கறையின் வேடத்தில் வருவதைச் சமூகவியலாளர் அமிதா பவிஸ்கர் ‘பூர்ஷ்வா சூழலியம்’ என்று பெயரிட்டு விளக்கியிருக்கிறார்.

இந்தப் பின்னணியில்தான் 2008 டிசம்பரில் தில்லியில் நடந்த ‘48 டிகிரி சி: பொது, கலை, சூழலியல்’ விழாவை வைத்துப் பார்க்க வேண்டும். கோதே நிறுவனத்தின் முன்முயற்சியில், பூஜா சூத் ஒருங்கிணைப்பில், காட்சிக்கூடங்களுக்கு வெளியே நகரின் பொதுவிடங்களில் படைப்புகள் நிறுவப்பட்டன. ஷீபா சாச்சி தமது ‘நீர் தேடுபவர்’ நிறுவலைப் பழைய தில்லியில் உள்ள பொது நூலகக் கட்டடத்தின் கைவிடப்பட்ட பகுதியில் அமைத்தார். அடுக்கிய புத்தகங்கள், அவற்றிடையே ஒளிரும் படங்கள், உள்ளே இருண்ட அறையில் நீருக்கடியில் நீந்தும் யானையின் காணொளி. நகரம் மறந்த நீரின் நினைவை நூலகத்தின் இருளிலும் பழைய தாளின் வாடையிலும் பார்வையாளர் தேட வேண்டியிருந்தது. அதுல் பல்லா ‘சபீல்’ என்ற பெயரில் ஒரு தண்ணீர்ப்பந்தல் வைத்தார். வெயில் காலத்தில் வழிப்போக்கருக்கு இனிப்பு நீர் வழங்கும் சீக்கியர் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. முந்தைய ஆண்டில் அவர் யமுனை தில்லிக்குள் நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம் வரை கரையோரமாகவே நடந்து அதைப் படங்களாகப் பதிவுசெய்திருந்தார். குடிப்பதும் நடப்பதும் இங்கே அறிதலின் வழிகளாகின்றன. எவரையும் குற்றவாளியாக்காமல் நீரைப் பொதுச்சொத்தாக நினைவூட்டின என்பதே இப்படைப்புகளின் சிறப்பு.

பத்தாண்டுகளில் அக்கறை ஆற்றிலிருந்து காற்றுக்கு நகர்ந்தது. 2018 நவம்பரில் தில்லி சர் கங்காராம் மருத்துவமனை வளாகத்தில் வடிகட்டித் துணியால் ஆன ஒரு மாபெரும் நுரையீரல் நிறுவப்பட்டது. பின்னால் இருந்த விசிறிகள் நகரின் காற்றை அதற்குள் இழுத்தன. வெண்மையாக இருந்த நுரையீரல் சில நாள்களிலேயே கருத்துப்போனது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளைக் கண் காணாது. அது படிந்து சேர்வதை எல்லாரும் காண முடிந்தது. பிரித்தானியக் கலைஞர் மைக்கேல் பின்ஸ்கி 2017இல் நார்வேயின் டிரான்ஹெய்ம் நகரில் அமைத்த ‘மாசுக் கூடாரங்கள்’ இன்னும் நேரடியானவை. ஒன்றோடொன்று இணைந்த ஐந்து குவிமாடங்களுள் ஒன்றில் நார்வேயின் டவுட்ரா தீவின் தூய காற்று. மற்றவற்றில் லண்டன், புது தில்லி, சாவோ பாவ்லோ, பெய்ஜிங் நகரங்களின் காற்றுச்சூழல், தீங்கற்ற கலவைகளால் உருவாக்கப்பட்டது. பார்வையாளர் ஒன்றைக் கடந்தே அடுத்ததற்குள் செல்ல வேண்டும்.

இப்படைப்பு பார்வையாளரிடம் ஏற்படுத்திய மாற்றத்தை உளவியலாளர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டனர். செயல்பட வேண்டும் என்ற எண்ணம் சற்றே உயர்ந்திருந்தது. ஆனால் தம் அன்றாட நடத்தையைக் கண்காணிக்க ஒரு வாய்ப்பைக் கொடுத்தபோது, அதைப் பயன்படுத்திக்கொள்வதில் அந்த எண்ணம் பிரதிபலிக்கவில்லை. இதைக் கலையின் தோல்வி என்று முடித்துவிடக் கூடாது. தில்லியின் காற்றைச் சில நிமிடங்கள் சுவாசித்துவிட்டு வெளியேறக்கூடியவருக்கும், அதில் நாள் முழுதும் ரிக்‌ஷா மிதிப்பவருக்கும் உள்ள தொலைவை எந்தக் கூடாரமும் மூடிவிடாது என்பதே இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம்.

புலன்களுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. பாதாளச் சாக்கடைகளில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டையைப் போல நாறும். அளவு மிகும்போது முகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். ஆபத்து உச்சத்தில் இருக்கும்போது நாற்றம் மறைந்துவிடுகிறது. 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்த பின்னரும், பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுக்குழிகளுக்குள் இறக்கப்படும் தொழிலாளர்கள் மடிவது நிற்கவில்லை. அங்கே தேவைப்படுவது கூர்மையான மூக்கன்று. வாயுவை அளக்கும் கருவியும், மனிதனை உள்ளே இறக்காத இயந்திரமும், அவற்றை உறுதிசெய்யும் அரசும்தான்.

ஆகவே எண்ணா, புலனா என்ற தேர்வு பொய்யானது. எண் மட்டும் இருந்தால் மாசு யாருடைய உடலையும் தொடாத செய்தியாகிவிடும். புலன் மட்டும் இருந்தால் பழைய மியாஸ்மாவின் தீர்ப்பு புது உருவில் திரும்பும். நாறும் இடத்தில் வாழ்பவர் மீண்டும் வெளியேற்றப்படுவர். கருத்துப்போன நுரையீரலின் வலிமை, அளவீட்டையும் உடலையும் ஒரே பொருளில் இணைத்ததில் இருந்தது. தண்ணீர்ப்பந்தலின் வலிமை, வருபவர் யார் என்று கேளாமல் நீரைப் பகிர்ந்ததில் இருந்தது.

பல்புலன் கலையை ஆராயும் மாணவர்கள் ‘பார்வையாளர் எதை உணர்ந்தார்’ என்று கேட்பதோடு நின்றுவிடுகிறோம். இந்தக் காற்றையும் நீரையும் விட்டு விலக முடியாதவர் அந்தப் படைப்பில் எங்கே நிற்கிறார், பார்வையாளராகவா, பேசுபவராகவா, அல்லது நாற்றத்தின் மூலமாகவா என்பதையும் சேர்த்துக் கேட்போம். இந்திய நகரங்களில் முகர்தலின் வரலாறு அக்கேள்வியைத் தவிர்க்க விடாது.