உப்பு வண்டியும் நூல் வண்டியும்

சில ஆண்டுகளுக்கு முன், மரக்காணம் உப்பளங்களுக்கும் ஆரோவில்லின் செம்மண் மேட்டுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் வீடு சந்திக்கச் சென்றிருந்தேன். ஆயுள் முழுவதும் உப்புப் பாத்தியில் உழைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர், ஊராட்சியில் கொடுத்த வீட்டு வரி ரசீதை என்னிடம் நீட்டிப் படித்துக் காட்டச் சொன்னார். வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருந்தது. படித்ததும் அவர் கேட்டார்: "எனக்குப் படிக்கத் தெரியாது, சாமி. படிக்காதவன்கிட்ட புத்தகத்துக்கு எதுக்குப் பணம் வாங்குறாங்க?"

"தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன், ஐயா" என்று விடைபெற்றேன். இறையியல் பயின்ற எனக்கு அந்த எளிய கேள்விக்கு விடை தெரியவில்லை. அதைத் தேடிப் போனபோது கண்ட வரலாற்றையே இங்கே எழுதுகிறேன்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. கடற்கரையில் விளைந்த உப்பை உமணர் என்னும் வணிகர் மாட்டு வண்டிகளில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு சென்றதைச் சங்க இலக்கியம் பலவிடத்தும் பேசுகிறது. உப்பு எல்லார்க்கும் வேண்டியது. எனவே அது மக்களைத் தேடிச் சென்றது. நூலோ நெடுங்காலம் அவ்வாறு செல்லவில்லை. ஏடுகள் சில குடும்பங்களிலும் மடங்களிலும் கட்டப்பட்டுக் கிடந்தன. அச்சு வந்த பின்னரும் நூலகம் நகரத்தின் உடைமையாகவே இருந்தது. நம் அண்டை நகரான புதுச்சேரியில் 1827-லேயே பொது நூலகம் தோன்றிவிட்டது; 1966 முதல் அது பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலந்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னையில் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. ஆனால் உப்பளத்தில் வெயிலில் நின்றவனுக்கு அந்தக் கட்டடங்கள் எவ்வளவு தொலைவு!

இந்தத் தொலைவைக் குறைக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதன். கணிதப் பேராசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றபோது, அங்கே தொழிலாளரும் சிறுவரும் இல்லத்தரசியரும் நூலகத்தை உரிமையோடு பயன்படுத்துவதைக் கண்டார். திரும்பி வந்தபின், 1928-இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கத்தின் செயலாளராக இருந்து ஊர் ஊராக நூலக இயக்கத்தைப் பரப்பினார். 1931-இல் வெளியிட்ட நூலில் நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூல் காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்பதும், எந்த மனிதருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதும் அவற்றின் உயிர்நாடி. கேட்பதற்கு எளியவைதாம், ஆனால் பூட்டிய அலமாரியைப் பெருமையாகக் கருதிய காலத்தில் அவை புரட்சியாகவே இருந்தன.

இங்கே ஒரு நிகழ்ச்சிப் பொருத்தம் என்னை வியக்க வைத்தது. அந்நாளைய தஞ்சை மாவட்டத்தில் 1930-ஆம் ஆண்டு இராஜாஜி தலைமையில் வேதாரண்யத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நிகழ்ந்தது. மறு ஆண்டே, அதே மாவட்டத்து மன்னார்குடிப் பகுதியில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. நூல்களை அடுக்கிய வண்டி ஊர் ஊராகச் சென்று, மக்களிடம் நூலைக் கொடுத்துப் பின்னர் திரும்பப் பெற்றது. உமணரின் உப்பு வண்டி சென்ற முறையிலேயே நூல் வண்டியும் சென்றது. தேவைப்படுபவர் வந்து கேட்கட்டும் என்று அது காத்திருக்கவில்லை.

எனினும் வண்டிக்கும் மாட்டுக்கும் செலவுண்டு. நல்லெண்ணம் ஒருவரோடு மறைந்துவிடலாம்; சட்டம் நிலைத்து நிற்கும். எனவே அரங்கநாதன் பல ஆண்டுகள் சட்டத்துக்காகப் பாடுபட்டார். கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறி, 1950-இல் நடைமுறைக்கு வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுவே. வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் அரையணா நூலகத்துக்கென வாங்கப்பட வேண்டும் என்று அது விதித்தது. சென்னை நகர் நீங்கலாக ஏனைய இடங்களில் திரளும் தொகைக்கு ஈடாக அரசும் தன் பங்கைத் தர வேண்டும் என்றது. அந்த அரையணாவே வளர்ந்து இன்று ரூபாய்க்குப் பத்துக் காசாக நிற்கிறது. முதியவரின் ரசீதில் நான் கண்டது அதுதான்.

உப்பு வரியை எதிர்த்த மக்கள் நூலக வரியை ஏற்றுக்கொண்டது ஏன்? உப்பு வரி ஏழையின் கலத்திலிருந்து எடுத்தது, அவனுக்குத் திரும்பவில்லை. நூலக வரியோ நூலகத்துக்கே என்று ஒதுக்கப்பட்டது. ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் இட்ட இரண்டு சிறு காசுகளை ஆண்டவர் கண்டு மதித்ததை நாம் அறிவோம். ஓலைக் குடிசையிலிருந்து செல்லும் அந்தச் சில காசுகளையும் அவ்வாறே மதிக்க வேண்டும். அவை நாம் பெறும் சலுகைக்கு விலையல்ல. அடுத்தவர் வீட்டுப் பிள்ளை படிப்பதற்காக நாம் தரும் பங்கு.

இந்தச் சிறு காசுகளால் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனத் தமிழ்நாட்டில் இன்று 4,000-க்கு மேற்பட்ட நூலகங்கள் உயிர் வாழ்கின்றன. சென்னையில் 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் 2023-இல் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் எழுந்தன. நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோரின் இல்லத்துக்கே தன்னார்வலர் நூலை எடுத்துச் செல்லும் 'நூலக நண்பர்கள்' திட்டம் 2022-இல் தொடங்கியது. மன்னார்குடி வண்டி மீண்டும் புறப்பட்டது போல அதைக் கண்டு மகிழ்ந்தேன்.

ஆனால் நூலகம் அழியவும் கூடும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நினையுங்கள். அதன் உருவாக்கத்தில் பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த அயர்லாந்துக் குரு லோங் அடிகளார் முன்னின்று உழைத்தார். அரங்கநாதனும் ஆலோசனை வழங்கினார். 1959-இல் திறக்கப்பட்ட அந்நூலகம் 1981 மே 31 நள்ளிரவையொட்டிக் கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து அத்தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார், நெஞ்சு தாங்காது உயிர் துறந்தார். வேறு படி இல்லாத நூல் எரிந்தால் அதை எழுதியவன் இரண்டாம் முறை இறக்கிறான்.

மின்னூலகத்தின் தேவையை இந்த இழப்பு நமக்கு உணர்த்துகிறது. தாளைப் படமெடுத்துக் கணினியில் சேர்த்துப் பல இடங்களில் படி வைத்தால், ஓரிடத்துத் தீயோ கரையானோ அதை முற்றிலும் அழிக்க இயலாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகத் திரட்டிய தமிழ் நூல்கள், 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காக்கப்பட்டு, இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக விளங்குகின்றன. 1998 பொங்கலன்று தன்னார்வலர் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயரிலேயே ஈழத்து நூல்கள் மின்வடிவில் திரட்டப்படுகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் 2017 முதல் பழைய நூல்களையும் இதழ்களையும் எவரும் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. கன்னிமாராவின் படிக்கட்டை மிதிக்காத கடலோரச் சிறுமியும், கைப்பேசி ஒன்று கிடைத்தால் நூறாண்டுப் பழமையான நூலைப் புரட்டலாம்.

'கிடைத்தால்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 1968-இல் தோன்றிய ஆரோவில்லில் பல நாட்டு மக்கள் வாழ்கின்றனர். அங்கே நூலகமும் உண்டு. அதிலிருந்து சிறு தொலைவிலேயே, மழைக்காலத்தில் உப்பளம் மூடப்பட்டு வருவாய் இழக்கும் குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்குக் கைப்பேசி இருந்தாலும் அதில் எதைத் தேடுவது என்று காட்ட ஒரு மனிதர் வேண்டும். ஊர்ப்புற நூலகரின் மேசைக்கு மின்னூலகம் மாற்றாகாது. அம்மேசையிலிருந்தே அதற்கு வழி தொடங்குகிறது.

இதை எழுதும்போது என் மனமும் உறுத்துகிறது. நான் பணியாற்றிய பங்கு ஒன்றில், பங்கு இல்லத்து அலமாரியில் பழைய கத்தோலிக்க இதழ்களும் பங்கு விழா மலர்களும் இருந்தன. 'தொலைந்துவிடும்' என்று அஞ்சி நானே பூட்டி வைத்தேன். திறந்து பார்த்தபோது கரையான் பாதியை முடித்திருந்தது. அன்புக்குரியவர்களே, உங்கள் பங்கிலும் வீட்டிலும் உள்ள பழைய மலர்கள் இவ்வாறு அழியுமுன் படமெடுக்கச் செய்யுங்கள். உங்கள் பிள்ளைகளை அருகிலுள்ள நூலகத்தில் உறுப்பினராக்குங்கள்.

சில வாரங்கள் கழித்து அம்முதியவரிடம் சென்று, மாட்டு வண்டியிலிருந்து கைப்பேசி வரை அனைத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்போ அந்த நூலகத்துல எம் பங்கும் இருக்கு. எம் பேத்தி போய்க் கேட்டா கொடுப்பாங்களா, சாமி?" என்றார்.

"கொடுக்கத்தான் வேண்டும், ஐயா" என்றேன். அவர் அந்த ரசீதைத் திரும்ப வாங்கி, மடித்து, குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.