பல்வகுப்பு மந்திரவாதிகள்

பல்வகுப்பு மந்திரவாதி என்பது, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில், மந்திரம் ஓதும் ஆற்றலுடன் வேறொரு தொழிலின் பயிற்சியையும் சேர்த்துப் பெற்ற கதைமாந்தரைக் குறிக்கும். ஆங்கிலத்தில் மல்ட்டிகிளாசிங் எனப்படும் இம்முறை, 1974இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலிருந்து தோன்றியது. இரண்டு போர்த் தொழில்களை ஒரே பாத்திரத்தில் கலப்பது எளிது. மந்திரத்தை வேறொன்றுடன் கலப்பது கடினம். இதற்கான காரணமும், ஒவ்வொரு பதிப்பும் அதற்குக் கண்ட தீர்வும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

அடிப்படைக் கருத்து

இவ்விளையாட்டுகளில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரின் பாத்திரத்தை ஏற்கிறார். போர்வீரர், மந்திரவாதி, பூசகர், திருடர் போன்ற தொழிற்பிரிவு 'வகுப்பு' எனப்படும். பகைவரை வெல்லுதல் முதலிய செயல்களால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் சேரச் சேரப் பாத்திரம் உயர்வடையும். பாத்திரத்தின் வளர்ச்சியையும் மந்திரத்தின் தரத்தையும் ஆங்கில நூல்கள் 'லெவல்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பதால், புதியவர்கள் பெரிதும் குழம்புவர். இங்குப் பாத்திரத்தின் வளர்ச்சி 'நிலை' என்றும், மந்திரத்தின் தரம் 'படி' என்றும் குறிக்கப்படுகின்றன. மந்திரங்கள் முதற்படியில் தொடங்கி ஒன்பதாம் படி வரை செல்லும். 1989க்குப் பிந்தைய பெரும்பாலான பதிப்புகளில் 5ஆம் நிலையை அடைந்த மந்திரவாதி மூன்றாம் படி மந்திரங்களையும், 9ஆம் நிலையில் ஐந்தாம் படி மந்திரங்களையும் பெறுவார்.

ஒருவர் பல கலைகளில் வல்லவராக இருப்பது கதைகளுக்குப் புதிதன்று. பொதிகை மலையோடு தொடர்புபடுத்தப்படும் அகத்தியர், தமிழ் மரபில் இலக்கண ஆசிரியராகவும் மருத்துவராகவும் சித்தராகவும் ஒருங்கே கூறப்படுகிறார். வகுப்புப் பிரிவினை கதையின் தேவையன்று, ஆட்டத்தின் தேவையாகும். எல்லாம் அறிந்த ஒருவர் குழுவில் இருந்தால் மற்ற ஆட்டக்காரர்களுக்கு வேலையில்லை.

தோற்றம்

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகியோர் உருவாக்கிய முதற்பதிப்பில் போர்வீரர், மந்திரவாதி, பூசகர் என மூன்று வகுப்புகளே இருந்தன. எல்ஃப் என்னும் கற்பனை இனத்தார் மட்டும் போர்வீரராகவும் மந்திரவாதியாகவும் இருக்கலாம். ஆயினும் ஓர் ஆட்டத்தில் ஏதேனும் ஒன்றையே தேர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். போர்வீரராக 4ஆம் நிலையும் மந்திரவாதியாக 8ஆம் நிலையும் அவர்களுக்கு எல்லையாக விதிக்கப்பட்டன.

1978இல் வெளியான அட்வான்ஸ்டு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேடு இதனை இரண்டாகப் பிரித்தது. மனிதரல்லாத இனத்தார் இரண்டு அல்லது மூன்று வகுப்புகளில் ஒரே நேரத்தில் வளரலாம். அனுபவப் புள்ளிகள் வகுப்புகளுக்குள் சமமாகப் பங்கிடப்படும். மனிதர்களோ பழைய வகுப்பை விட்டுவிட்டுப் புதியதை முதல் நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இதற்குப் பழைய வகுப்பின் முதன்மைத் திறனில் 15 மதிப்பும், புதிய வகுப்பின் முதன்மைத் திறனில் 17 மதிப்பும் தேவைப்பட்டன. புதிய வகுப்பின் நிலை பழையதைத் தாண்டும்வரை பழைய திறனைப் பயன்படுத்தினால் அனுபவப் புள்ளிகளை இழக்க நேரிடும். வாளைத் துறந்து மந்திரம் கற்கச் சென்றவர், உயிருக்கு ஆபத்தான வேளையில் மீண்டும் வாளை எடுப்பதா வேண்டாமா என்று தயங்கும் சுவையான நிலை இதனால் உண்டாயிற்று.

புள்ளிகளைப் பங்கிடுவது பெரும் இழப்பாகத் தோன்றும், உண்மையில் அவ்வாறில்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பின் அட்டவணைப்படி, 80,000 புள்ளிகள் பெற்ற தனி மந்திரவாதி 7ஆம் நிலையில் இருப்பார். அதே புள்ளிகளைப் போர்வீரர், மந்திரவாதி எனப் பாதியாகப் பங்கிட்டவர் இரண்டிலும் 6ஆம் நிலையில் இருப்பார். தொடக்க நிலைகளில் அடுத்த நிலைக்குத் தேவையான புள்ளிகள் ஏறத்தாழ இரட்டிப்பாவதே இதற்குக் காரணம். ஒரேயொரு நிலையை இழந்து இன்னொரு தொழிலை முழுமையாகப் பெறும் இவ்வசதியை ஈடுசெய்யவே இனவாரி எல்லை வைக்கப்பட்டது. இரண்டாம் பதிப்பில் எல்ஃப் மந்திரவாதி 15ஆம் நிலையோடு நின்றுவிடுவார். ஆனால் பெரும்பாலான ஆட்டங்கள் அந்நிலையை எட்டுவதேயில்லை. ஆகவே இந்த எல்லை பெயரளவுக்கே பயன்பட்டது எனலாம்.

இந்தியத் தொன்மங்களும் இவ்விதிகளுக்குள் வந்தன. 1977ஆம் ஆண்டின் மான்ஸ்டர் மேனுவல் நூலில் இடம்பெற்ற இராட்சதர்கள், மந்திரவாதியின் மந்திரங்களை மூன்றாம் படி வரையிலும், பூசகரின் மந்திரங்களை முதற்படியிலும் ஓத வல்லவர்கள். 1980இல் வெளிவந்த டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ் நூல் இந்திரன், அக்கினி, காளி முதலிய தெய்வங்களுக்கும் வகுப்பும் நிலையும் குறித்தது.

மூன்றாம் பதிப்பும் மந்திரவாதியின் இழப்பும்

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இனவாரி எல்லைகளை நீக்கியது. ஒவ்வொரு நிலை உயரும்போதும் எந்த வகுப்பையும் தேர்ந்துகொள்ளலாம் என்றானது. தாராளமான விதியாகத் தோன்றினும், மந்திரவாதிகளை மிகவும் பாதித்த விதி இதுவே.

போர்வீரராக 5 நிலையும் பார்பேரியன் எனப்படும் முரட்டு வீரராக 5 நிலையும் பெற்றவரின் தாக்குதல் மதிப்பு 5 + 5 = 10 ஆகும். 10ஆம் நிலைப் போர்வீரருக்கும் அதே 10 தான். போர்த்திறன் கூட்டப்படுகிறது. மந்திரவாதியாக 5 நிலையும் பூசகராக 5 நிலையும் பெற்றவருக்கோ இரு வகையிலும் மூன்றாம் படி மந்திரங்களே கிடைக்கும். 10ஆம் நிலைத் தனி மந்திரவாதி அப்போது ஐந்தாம் படி மந்திரங்களை ஓதிக்கொண்டிருப்பார். மந்திரத்தின் வலிமையும் வகுப்பு நிலையையே பொறுத்தது. 'ஃபயர்பால்' எனப்படும் தீக்கோள மந்திரம் நிலைக்கு ஒன்றாக, 10 வரை, ஆறுபக்கப் பகடைகளை உருட்டச் செய்யும். தனி மந்திரவாதிக்குச் சராசரியாக 35 சேதமும், கலந்தவருக்கு 17.5 சேதமும் கிட்டும். ஒரு சுற்றில் பொதுவாக ஒரு மந்திரமே ஓத முடியும் என்பதால், கையிருப்பில் இருமடங்கு மந்திரங்கள் இருந்தும் பயன் குறைவு. போர்வீரரோடு கலந்தவருக்கு மேலும் ஓர் இடர் உண்டு: முழுத் தகட்டுக் கவசம் அணிந்து மந்திரம் ஓதினால் அது தோல்வியடைய 35% வாய்ப்பு உள்ளது.

இக்குறையைப் போக்கத் தனி உயர்வகுப்புகள் சேர்க்கப்பட்டன. 2003இல் திருத்தப்பட்ட 3.5 பதிப்பின் மிஸ்டிக் தியர்ஜ் என்னும் வகுப்பு, மந்திரவாதியையும் பூசகரையும் ஒருசேர உயர்த்தும். தலா 3 நிலைகளோடு இவ்வகுப்பில் 10 நிலைகளும் பெற்ற 16ஆம் நிலைப் பாத்திரம், இரண்டிலும் 13ஆம் நிலையினரைப் போல ஏழாம் படி வரை ஓதலாம். தனி மந்திரவாதி அங்கு எட்டாம் படியில் இருப்பார். இறுதியில் இழப்பு சிறிதே. ஆனால் 6ஆம் நிலையில், அதாவது பெரும்பாலான குழுக்கள் உண்மையில் ஆடும் பகுதியில், இவர் இரண்டாம் படி மந்திரங்களோடு தோழர்களுக்குப் பின்தங்கி நிற்பார். எல்ட்ரிச் நைட் என்னும் உயர்வகுப்பு போர்வீர மந்திரவாதிக்கு இவ்வாறே உதவியது.

பிந்தைய பதிப்புகள்

2008இன் நான்காம் பதிப்பில் வேறொரு வகுப்பின் ஓரிரு ஆற்றல்களை மட்டும் சிறப்புத் திறன்கள் வழியாகப் பெறலாம். பாதுகாப்பான ஏற்பாடு, ஆனால் கலப்பு என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அதில் இல்லை. 2010இல் இருவகுப்புக் கலவை முறை ஒன்று இதனுடன் சேர்க்கப்பட்டது.

2014இன் ஐந்தாம் பதிப்பு, மந்திரம் அறிவதையும் அதை ஓதும் வாய்ப்பையும் தனித்தனியே பிரித்தது. மந்திரவாதி, பூசகர் முதலியோரின் நிலைகள் முழுமையாகவும், பாலடின், ரேஞ்சர் ஆகியோரின் நிலைகள் பாதியாகவும் கூட்டப்பட்டு, நாளொன்றுக்குரிய மந்திர வாய்ப்புகள் கணக்கிடப்படும். அறிந்த மந்திரங்களோ அந்தந்த வகுப்பின் நிலைக்கு உட்பட்டவையே. மந்திரவாதி 5, பூசகர் 5 ஆனவருக்கு 10ஆம் நிலையினரைப் போல ஐந்தாம் படி வரை வாய்ப்புகள் உண்டு. அப்படிக்குரிய மந்திரங்கள் தெரியாது. ஆயினும் கீழ்ப்படி மந்திரத்தை மேற்படி வாய்ப்பில் ஓதி வலுவூட்டலாம். தீக்கோளம் மூன்றாம் படியில் 8 பகடைகளும், ஐந்தாம் படியில் 10 பகடைகளும் பெறும். வார்லாக் வகுப்பின் வாய்ப்புகள் இக்கூட்டலில் சேரா.

ஒவ்வொரு வகுப்பின் முதன்மைத் திறனிலும் 13 மதிப்பு தேவை. பாலடின், பார்டு, சோர்சரர், வார்லாக் ஆகிய நால்வரின் மந்திரமும் ஆளுமைக்கவர்ச்சி என்னும் ஒரே திறனைச் சார்ந்திருப்பதால், அவர்களுக்குள் கலப்பது மிகுதியாக வழங்குகிறது. முதல் நிலையில் மட்டும் போர்வீரராகத் தொடங்கிப் பின் மந்திரவாதியாவதும் புகழ்பெற்ற வழியாகும்; அவருக்குக் கனத்த கவசத்தில் பயிற்சி கிடைக்கும், அதனுடன் மந்திரமும் ஓதலாம். விலை ஒரு நிலைத் தாமதம். குழு 5ஆம் நிலையை அடைந்து தனி மந்திரவாதி தீக்கோளத்தைக் கற்கும்போது, இவர் 6ஆம் நிலை வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிலையைக் கடக்கப் பல ஆட்ட அமர்வுகள் ஆகலாம். 2024ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேடு பாலடின், ரேஞ்சர் நிலைகளின் பாதியைக் கணக்கிடுகையில் பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கியது.

பிற விளையாட்டுகள்

பாத்ஃபைண்டர் விளையாட்டு 2011இல் வாளையும் மந்திரத்தையும் ஒரே வகுப்பில் இணைத்த மேகஸ் என்னும் வகுப்பை வெளியிட்டு, கலப்பதற்கான தேவையையே குறைத்தது. கணினி விளையாட்டுகளில், 1998இன் பால்டர்ஸ் கேட் இரண்டாம் பதிப்பின் விதிகளைப் பின்பற்றியது. 2023இல் வெளியான பால்டர்ஸ் கேட் 3 ஐந்தாம் பதிப்பைத் தழுவினாலும், 13 மதிப்பு தேவை என்ற விதியைக் கைவிட்டது.