அல்பராசின்: ஒரு மலையூரின் வரலாறு

இசுப்பெயின் நாட்டு வரலாற்றைக் கற்போர் கோர்தோபா, கிரனாடா, தொலேதோ ஆகிய பெருநகரங்களை நன்கறிவர். அந்நாட்டின் கிழக்குப் பாகத்தே, அரகொன் பிரதேசத்து மலைகளிடையே ஒடுங்கிக் கிடக்கும் அல்பராசின் என்னும் ஊரை அறிவோர் சிலரே. இன்று ஏறக்குறைய ஆயிரம் மக்களே வாழும் இவ்வூர், இடைக்காலத்தில் இருமுறை தன்னரசாக விளங்கியது. ஒவ்வொரு முறையும் அந்நிலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்தது. பேரரசுகள் மோதிய களத்தின் நடுவே இத்துணைச் சிறிய ஊர் எவ்வாறு தன் தனித்தன்மையைக் காத்தது என்பதும், காத்தவற்றுள் எது எஞ்சியது என்பதும் ஆராயத்தக்கன.

அமைவிடம்

கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,170 மீற்றர் உயரத்தில் ஊர் அமைந்துள்ளது. குவாதலவியார் ஆறு பாறையொன்றை மூன்று புறமும் வளைத்து ஓட, அப்பாறையின் முதுகிலே வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இவ்வாறே கீழே துரியா எனப் பெயர் பெற்று, வலென்சியா நகரையடைந்து மத்தியதரைக் கடலிற் கலக்கின்றது. இதே மலைத்தொடரிற் பிறிதோரிடத்தே தோன்றும் தேகசு ஆறோ மேற்கு நோக்கி ஓடி அத்திலாந்திக் சமுத்திரத்தை அடைகின்றது. நீரரண், மலையரண், காட்டரண் எனத் தமிழ் நூலோர் வகுத்த அரண்களுள் மூன்று இவ்வூருக்கு இயற்கையாகவே வாய்த்தன. ஆற்றினாற் காக்கப்படாத புறத்திலேதான் மனிதன் மதில் எழுப்ப வேண்டியிருந்தது.

பழமைச் சின்னங்கள்

ஊரையடுத்த பைன் மரக்காட்டிலே, செந்நிற மணற்கற் பாறைகளில், வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் தீட்டிய காளைகளும் வேட்டுவரும் காணப்படுகின்றன. 1892ஆம் ஆண்டில் இவை அறிஞர் கவனத்துக்கு வந்தன. கிழக்கு இசுப்பெயினின் பாறை ஓவியங்கள் யாவும் 1998இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இவையும் அதில் இடம்பெற்றன. பிற இடங்களிற் சிவப்பும் கருமையுமே மிகுதியாகக் காணப்பட, இங்குள்ள காளைகள் சில வெண்ணிறத்தில் தீட்டப்பட்டிருத்தல் குறிப்பிடத்தக்கது.

உரோமர் விட்டுச்சென்ற சின்னம் நீரைப் பற்றியது. கி. பி. முதலாம் நூற்றாண்டிலே, குவாதலவியார் ஆற்று நீரைச் செல்லா என்னும் ஊருக்குக் கொண்டுசெல்ல ஏறக்குறைய 25 கிலோமீற்றர் நீளமான கால்வாயொன்றை அவர்கள் அமைத்தனர். அதன் ஒரு பகுதி மலையைக் குடைந்து செல்கின்றது. காற்றும் ஒளியும் புகவும், வெட்டிய கல்லை வெளியேற்றவும் இடையிடையே துளைகள் இடப்பட்டன. இன்றும் அச்சுரங்கத்தின் சில பகுதிகளினூடே மனிதர் நடந்து செல்லலாம்.

முதலாவது தன்னரசு

அராபியர் ஆட்சிக் காலத்திற் பனூ ரசீன் என்னும் பெர்பர் குலத்தார் இம்மலைப் பகுதியைப் பெற்றனர். அல்பராசின் என்னும் பெயர் அக்குலப் பெயரிலிருந்தே பிறந்தது. 1009இற் கோர்தோபாக் கலீபா ஆட்சியில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, மாகாணங்கள் பல தனியரசுகளாகப் பிரிந்தன. அவற்றுள் மிகச் சிறியனவற்றுள் ஒன்று ரசீன் குலத்தாருடையது. அவர்களுள் அப்துல் மலிக் என்பான் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆண்டான். அவனுடைய ஆட்சி வலிமையால் மட்டும் நிலைத்ததன்று. கசுத்தீல் மன்னன் ஆறாம் அல்பொன்சோவுக்கும், பின்னர் வலென்சியாவைக் கைப்பற்றிய எல் சித் என்னும் வீரனுக்கும் திறை செலுத்தியே அவன் தன் நாட்டைக் காத்தான். சொல் தவறியபோது தண்டனையும் பெற்றான். 1093இல் எல் சித் அவன் நாட்டைச் சூறையாடினான். 1104இல் ஆபிரிக்காவிலிருந்து வந்த அல்மொராவிதுகள் அவன் மகனை நீக்கி ஊரைத் தம் பேரரசோடு சேர்த்தனர்.

இரண்டாவது தன்னரசு

ஏறக்குறைய 1170இல், மூர்சியாவை ஆண்ட இபின் மர்தனீசு என்னும் முசுலிம் மன்னன் இவ்வூரைப் பேத்ரோ உரூயிசு தெ அசாகிரா என்னும் நவார் நாட்டுக் கிறித்தவப் பிரபுவுக்கு அளித்தான். மதத்தின் பெயராற் போர் நடந்த காலத்திலும் அரசியல் மதவெல்லையைக் கடந்து நின்றமைக்கு இது தக்க சான்றாகும்.

அசாகிரா கூர்மதி படைத்தவன். ஒரு புறம் கசுத்தீல், மறு புறம் அரகொன்; இரண்டும் ஊரை விரும்பின. அவனோ இரண்டுக்கும் பணியாது, தான் மரியன்னையின் அடியான் என்று மட்டும் கூறிக்கொண்டான். 1172இல் இங்கு ஆயர் பீடமொன்று நிறுவப்பட்டது. அது அரகொனைச் சார்ந்த சரகோசாவுக்கு உட்படாமல், கசுத்தீலைச் சார்ந்த தொலேதோவுக்கு உட்பட்டது. ஆயர் பீடம் சமய நிறுவனமாக மட்டுமன்றி, அரகொனின் கையைத் தடுக்கும் அரணாகவும் பயன்பட்டது என்பது இதனாற் பெறப்படும்.

1220இல் அரகொன் மன்னன் முதலாம் யேம்சு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாயிருந்தபோது, ஊரை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினான். அவன் பாசறையிலிருந்த பிரபுக்களே முற்றுகைக்குள்ளானோர்க்கு உதவினர். பின்னர் ஊர் திருமணத்தின் வழி லாரா குடும்பத்தின் கைக்குச் சென்றது. குவான் நூனெசு தெ லாரா அரகொனின் பகைவரான பிரெஞ்சியரோடு சேர்ந்தமையால், மன்னன் மூன்றாம் பேத்ரோ 1284இற் பெரும்படையுடன் வந்து ஊரை வளைத்தான். மதில்கள் இடியவில்லை, உணவு தீர்ந்தது, ஊர் பணிந்தது. 1300இல் அது அரகொன் முடியோடு முறையாக இணைக்கப்பட்டது.

பொதுவுரிமையும் புறக்கணிப்பும்

தன்னரசு அழிந்தபின்னும் ஊரின் சட்டவுரிமைகள் உடனே அழியவில்லை. அவற்றை மன்னன் இரண்டாம் பிலிப்பு 1598இலேயே ஒழித்தான். எனினும் ஒரு வழக்கம் அதன்பின்னும் நிலைத்தது. நகரும் சுற்றியுள்ள சிற்றூர்களும் காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் பொதுவுடைமையாகக் கொண்டு ஆளும் ஒன்றியம் இன்றும் இயங்குகின்றது. கம்பளி தந்த செம்மறி மந்தைகளே இம்மலையின் செல்வமாயிருந்தன. பனிக்காலத்தில் இடையர் அவற்றைத் தெற்கே வெப்பமான நிலங்களுக்கு நெடுந்தொலை ஓட்டிச் செல்வர்.

இவ்வொற்றுமையில் எல்லாரும் இடம்பெறவில்லை. முசுலிம்கள், யூதர், கிறித்தவர் ஆகிய முச்சமயத்தாரும் ஒருகாலத்தில் இம்மதிலுக்குள் வாழ்ந்தனர். 1492இல் யூதர் இசுப்பெயின் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டனர். முசுலிம்களின் வழிவந்து கிறித்தவராக்கப்பட்ட மொரிசுக்கோக்கள் 1610இல் அரகொனிலிருந்து துரத்தப்பட்டனர். ஊருக்குப் பெயர் தந்தோரின் சமயத்தைச் சார்ந்தோர் ஊரில் இல்லாதொழிந்தனர். பெயர் மட்டும் எஞ்சியது.

கட்டடங்கள்

ஊரின் உச்சியில் நிற்கும் அந்தாதோர்க் கோபுரம் பத்தாம் நூற்றாண்டில் முசுலிம்களால் எழுப்பப்பட்டது. அதிலிருந்து மதில் மலைச்சரிவிலே படிப்படியாக இறங்குகின்றது. மரியன்னை ஆலயம் பதினாறாம் நூற்றாண்டில் பியெர் வெதெல் என்னும் பிரெஞ்சுச் சிற்பியாற் புதுக்கப்பட்டது. தெருவேல் நகரின் புகழ்பெற்ற நீர்ப்பாலத்தை அமைத்தவனும் அவனே. 1567இல் அவன் இவ்வூரிலேயே இறந்தான். அதே நூற்றாண்டிற் கட்டப்பட்ட தலைமைப் பேராலயத்தில், பிரசல்சில் நெய்யப்பட்ட ஓவியத் திரைச்சீலைகள் பாதுகாக்கப்படுகின்றன.

எனினும் ஊரின் உண்மையான எழில் அதன் எளிய வீடுகளிலேயே உள்ளது. நிலம் குறுகியதாகையால் வீடுகள் மேல்நோக்கி வளர்ந்தன. கீழ்த்தளம் கல்லினாலானது, மேல்தளங்கள் மரச்சட்டத்தின் மீது அவ்விடத்துச் செந்நிறச் சாந்து பூசப்பட்டவை. தளந்தோறும் வீடு தெருவை நோக்கி முன்தள்ளி நிற்பதால், எதிரெதிர்க் கூரைகள் ஒன்றையொன்று தொடுவன போலத் தோன்றும். மோலீனா வாயிலருகே சாய்ந்து நிற்கும் யூலியானெத்தா வீடு இக்கட்டட முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

காப்பும் கவலையும்

உள்நாட்டுப் போரில், 1937 யூலையில், ஊர் போர்க்களமாயிற்று. அதன்பின் வறுமையால் மக்கள் பெருநகரங்களை நாடிச் சென்றனர். 1961இல் ஊர் முழுவதும் தேசிய நினைவுச்சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 1996இல் நிறுவப்பட்ட மரியன்னை அறநிலையம், பழைய கட்டடங்களைப் புதுக்குவதோடமையாது அவற்றுக்குப் புதிய பயனும் அளித்தது. ஆயர் மாளிகை மாநாட்டு மண்டபமாயிற்று. பழைய வீடுகள் விருந்தினர் விடுதிகளாயின. இளைஞர் மரவேலையும் சாந்துவேலையும் பயின்றனர்.

எனினும் தெருவேல் மாகாணத்தின் மக்கட்குறைவு இன்னும் தீரவில்லை. 1999இல் அம்மாகாணத்தார் “தெருவேலும் உண்டு” என்னும் பொருள்படும் பெயரில் இயக்கமொன்றைத் தொடங்கினர். தாம் உள்ளோம் என்பதையே உரத்துக் கூறவேண்டிய நிலை மக்களுக்கு ஏற்பட்டமை எண்ணத்தக்கது.

அல்பராசினை முதலிற் காத்தது பாறை. பின்னர்க் காத்தது அரசியற் சூழ்ச்சி. இன்று காப்பது கைத்தொழில் கற்ற மக்களின் உழைப்பு. மதில் பகைவரைத் தடுக்கும். ஊரைவிட்டுச் செல்வோரைத் தடுக்க அதனால் இயலாது. கட்டடங்களைப் பேணும் எச்சமுதாயமும் அவற்றுள் வாழ்வோர்க்குத் தொழிலும் கல்வியும் அளித்தல் வேண்டும் என்பதே இச்சிற்றூரின் வரலாறு உணர்த்தும் பாடமாகும்.