எடை வரம்புக்குள் வலிமை: மல்யுத்தத்தில் ஸ்டீராய்டு பயன்பாடும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறமும்

மல்லர்கள் ஸ்டீராய்டு மருந்துகளை நாடுவதை உடற்கட்டுப் போட்டியாளர்கள் நாடுவதோடு ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. மருந்து ஒன்றுதான், தேவை வேறு. உடற்கட்டு வீரருக்குத் தசையின் பருமனே போட்டிப் பொருள். மல்லருக்கோ அந்தப் பருமன் ஓர் எடைப்பிரிவுக்குள் அடங்கியாக வேண்டும். ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 57, 65, 74, 86, 97, 125 கிலோ என ஆறே பிரிவுகள். 2018 முதல் போட்டி நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள். ஊக்கமருந்துக்குச் சற்றும் தொடர்பில்லாத காரணத்தால், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் 50 கிலோ பிரிவின் இறுதிப்போட்டியை இழந்தார். அன்று காலை அவருடைய எடை 100 கிராம் கூடுதலாக இருந்தது. எடைக்கோடு எவ்வளவு கண்டிப்பானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தக் கோட்டுக்குள் நின்றுகொண்டே எதிராளியைவிட வலிமை பெறுவதும், பட்டினியும் கடும் பயிற்சியும் கரைத்துவிடும் தசையைக் காப்பாற்றிக்கொள்வதுமே மல்லரை ஸ்டீராய்டின் பக்கம் இழுக்கின்றன. இந்த ஈர்ப்பு தேசிய முகாமில் பிறப்பதன்று. மாவட்ட அளவில், பெரும்பாலும் பதின்வயதிலேயே தொடங்கக்கூடியது. சோதனைக்குப்பியோ முகாமில்தான் காத்திருக்கிறது. மருந்து தொடங்கும் இடத்துக்கும் அது பிடிபடும் இடத்துக்கும் உள்ள இந்த இடைவெளியே இன்றைய தடுப்பு ஏற்பாட்டின் பெருங்குறை. இரண்டு மாநிலங்களும் இரண்டு மொழிகளும் சந்திக்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத்தில் அக்குறை இன்னும் அகலமாகிறது.

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரானை 1935-ல் ஆய்வகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் செயற்கையாகவும் உருவாக்கினார்கள். தசையை வளர்க்கும் பண்பு மிகுந்தும் ஆண்மைப் பண்புகளைத் தூண்டுவது குறைந்தும் இருக்கும் மாற்று வடிவங்களைத் தேடியதன் விளைவே அனபாலிக் ஸ்டீராய்டுகள். அவற்றுள் மெத்தாண்டியனோன், ‘டயானபால்’ என்ற பெயரில் 1958-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. ஜிம் வழக்கில் அது ‘டி-பால்’. நாண்ட்ரோலோன் ஊசி ‘டெக்கா’. ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டுக்கான சோதனை 1976 மாண்ட்ரியல் போட்டிகளில்தான் தொடங்கியது.

இம்மருந்துகள் பயன் தருவதில்லை என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. அது தவறான உத்தி. பயன் கண்கூடாகத் தெரிந்த விளையாட்டு வீரர்கள், மருத்துவர் சொல்லும் தீங்குகளையும் சேர்த்தே நம்பாமல் போனார்கள். ஷாலேந்தர் பாசினும் அவருடைய குழுவினரும் 1996-ல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 43 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டீரான் ஊசியும் மற்றவர்களுக்கு வெற்று ஊசியும் 10 வாரம் போட்டார்கள். வெற்று ஊசியோடு பயிற்சி செய்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான உடல் எடை 1.9 கிலோ கூடியது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 3.2 கிலோ கூடியது. பயிற்சியும் மருந்தும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. வெறுமனே உட்கார்ந்திருந்தவர், வியர்வை சிந்தியவரைவிட அதிகத் தசை பெற்றார் என்பதை எந்தப் பயிற்சியாளரும் எளிதில் கடந்துபோக முடியாது.

ஆனால் அந்த 6 கிலோ, 74 கிலோ மல்லரை 80 கிலோவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். அது அவருக்குப் பயன்படாது. போதாக்குறைக்கு மெத்தாண்டியனோன் உடம்பில் நீரையும் கோக்க வைக்கும். எனவே எடைப்பிரிவு விளையாட்டில் மருந்தின் கணக்கு வேறு விதமாக ஓடுகிறது. கொழுப்பையும் நீரையும் கழித்து, கழித்த இடத்தில் தசையை நிரப்புவதே நோக்கம். உணவைக் குறைக்கும் வாரங்களில் உடல் தன் தசையையே எரிக்கத் தொடங்கும். ஸ்டீராய்டு அதைத் தடுக்கும். காலையும் மாலையும் மல்யுத்த விரிப்பில் புரண்டு எழும் உடல் மறுநாளைக்குள் தேறிவிடவும் அது உதவும். போட்டி இல்லாத மாதங்களில் மருந்தை எடுத்து, சோதனைக் காலத்துக்குமுன் நிறுத்திவிட்டாலும் ஆதாயம் முழுவதும் போய்விடுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். எலிகளில் 2013-ல் நடந்த ஓர் ஆய்வில், டெஸ்டோஸ்டீரானால் தசைநார்களில் கூடிய உட்கருக்கள் மருந்தை நிறுத்தி மூன்று மாதம் கழிந்தும் தங்கியிருந்தன. மீண்டும் பளு கொடுத்தபோது அத்தசை ஆறே நாளில் 30 விழுக்காடு பருத்தது. மனிதருக்கும் இது பொருந்துமானால், தடையின் காலக்கணக்கே மறுபரிசீலனைக்கு உரியது.

உலக மல்யுத்தத்தின் பதிவுகள் இந்தத் தேவை பெரிய உடலோடு நின்றுவிடவில்லை என்று காட்டுகின்றன. உஸ்பெகிஸ்தானின் அர்தூர் தைமாசோவ் 120 கிலோ பிரிவில் வென்ற இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள், 2008-க்கும் 2012-க்கும் உரியவை, சேமித்து வைத்த சிறுநீரை மறுசோதனை செய்தபின் பறிக்கப்பட்டன. மிகக் கனமான பிரிவு என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அதே மறுசோதனையில், லண்டனில் 60 கிலோ பிரிவில் வெள்ளி வென்ற ரஷ்யாவின் பெசிக் குதுகோவ் பெயரும் 2016-ல் வெளிவந்தது. அவர் 2013 டிசம்பரிலேயே கார் விபத்தில் இறந்திருந்ததால் நடவடிக்கை கைவிடப்பட்டது. பதக்கம் அவரிடமே நின்றது. அதே பிரிவில் வெண்கலம் வென்றவர் இந்தியாவின் யோகேஷ்வர் தத். அந்த வெள்ளி குதுகோவின் குடும்பத்திடமே இருக்கட்டும் என்று அவர் சொன்னதை இந்திய மல்யுத்தம் பெருமையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்தியாவில் மிகத் தெளிவாகப் பதிவான வழக்கு நர்சிங் யாதவினுடையது. 2015 உலகச் சாம்பியன் போட்டியில் 74 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று ரியோ ஒலிம்பிக்குக்கு இடம் பெற்றுத் தந்தவர் அவர். அந்த இடத்துக்குத் தகுதிப் போட்டி நடத்தக் கோரி சக மல்லர் சுஷில் குமார் தொடுத்த வழக்கை 2016 ஜூனில் டெல்லி உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஜூன் 25, ஜூலை 5 ஆகிய நாள்களில் எடுத்த மாதிரிகளில் மெத்தாண்டியனோன் கண்டறியப்பட்டது. சோனிபட் முகாமில் தம் உணவிலும் பானத்திலும் யாரோ மருந்தைக் கலந்துவிட்டதாக அவர் வாதிட்டார். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் ஒழுங்குக் குழு ஆகஸ்டு 1-ல் அதை ஏற்று அவரை விடுவித்தது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை மேல்முறையீடு செய்ய, ரியோவில் கூடிய விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஆகஸ்டு 18-ல், அவர் களம் காண்பதற்கு முந்தைய நாள், நான்காண்டுத் தடை விதித்தது.

அங்கே வழக்கைத் தீர்மானித்தது மருந்தின் அளவு. மாண்ட்ரியல் ஆய்வகத்தின் கிறிஸ்டியான் அயோட், சிறுநீரில் இருந்த சிதைபொருள்களின் செறிவைக் கொண்டு, ஜூன் மாத முடிவு நீரில் கலந்த பொடியால் வந்திருக்க முடியாது, ஒன்று அல்லது இரண்டு மாத்திரைகளை விழுங்கியதற்கே பொருந்தும் என்று கருத்துரைத்தார். கலப்படக் கதைக்குச் சான்றில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. உடலுக்குள் எது எப்படிப் போனது என்பதை விளக்கும் சுமை வீரர் தலையில்தான் விழுகிறது. அறியாமல் நேர்ந்தது என்றால் அதை மெய்ப்பிக்க வேண்டியவரும் அவரே. பெரும் வழக்கறிஞர்களை அமர்த்திக்கொண்ட ஒலிம்பிக் வீரராலேயே தூக்க முடியாத அந்தச் சுமையை, புரதப் பொடி டப்பாவின் ரசீதைக்கூட எடுத்து வைக்காத மாவட்ட வீரர் எப்படித் தூக்குவார்? ஜெர்மானிய ஆய்வாளர்கள் 13 நாடுகளில் வாங்கிய 634 துணையுணவுகளைச் சோதித்து 2004-ல் வெளியிட்ட முடிவில், 94 பொருள்களில் சீட்டில் குறிப்பிடாத ஹார்மோன் முன்பொருள்கள் இருந்தன.

2024-ல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அவற்றில் 29 மல்யுத்தத்தைச் சேர்ந்தவை. தடகளமும் பளுதூக்குதலும் மட்டுமே அதற்குமேல். சோதனை நடக்கும் முறையையும் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வீரர் முத்திரையிட்ட பெட்டிகளுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுப்பார். அவர் சிறுநீர் கழிப்பதை அவரையொத்த பாலினத்தவர் ஒருவர் நேரில் பார்ப்பார். குறைந்தது 90 மில்லிலிட்டர் வேண்டும். அதை வீரரே ஏ, பி என்ற இரண்டு புட்டிகளில் ஊற்றி மூடுவார். எடையைக் குறைக்கத் தண்ணீரைத் தவிர்த்த மல்லருக்கு அந்த 90 மில்லி சேர மணிக்கணக்காகும். ஆளும் நேரமும் ஆய்வகச் செலவும் இவ்வளவு தேவைப்படும் ஒரு முறையை, ஒரு தாலுகாப் போட்டிக்கோ கல்லூரிப் போட்டிக்கோ கொண்டுவருவது நடைமுறையில் இயலாது.

பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் தடகளத்தில்தான் பெயர். முண்டூர், பறளி பள்ளிகள் தந்த ஓட்டக்காரர்களையும், இடுக்கி மலைகளிலிருந்து வந்த கே.எம். பீனாமோள், ப்ரீஜா ஸ்ரீதரன் போன்றோரையும் நாடறியும். மல்யுத்தம் இங்கே சிறிய விளையாட்டு. ஆனால் உடல் மோதும் மரபு புதிதன்று. பாலக்காடு மாவட்டத்துப் பல்லசேனையில் ஓணத்தையொட்டி நடக்கும் ஓணத்தல்லில் வெற்றுடம்போடு இரு தரப்பு ஆண்கள் கையால் அடித்து மோதுகிறார்கள். எடைத்தராசோ பதக்கமோ இல்லாத அந்தச் சடங்கில் மருந்துக்கு வேலையில்லை. பள்ளி, பல்கலைக்கழகப் போட்டிகளில் உள்ள மல்யுத்தமும் ஜூடோவும் அப்படியல்ல. அங்கே ஒரு பதக்கம் கேரளத்தில் தேர்வுக்கான கருணை மதிப்பெண்ணாகும். பின்னாளில் காவல்துறையிலும் ரயில்வேயிலும் படையிலும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையாகும். மூணாறு, வண்டிப்பெரியார் தேயிலைத் தோட்ட லயங்களில் வளரும் பையனுக்கும், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் கூலி வீட்டுப் பையனுக்கும் இது சிறிய பரிசன்று. ஒரு பிரிவுக்குள் ஐந்தாறு மாதத்தில் வலிமை கூட்ட வேண்டும் என்ற அவசரம் எங்கிருந்து வருகிறது என்பது இங்கே விளங்கும். அதை ஒழுக்கக் குறைவு என்று மட்டும் எழுதிவிடுவது அநீதி.

மருந்துக்கான வழியும் இங்கே நீளமானதன்று. மல்யுத்த விரிப்பில் பயிற்சி தருபவர் வேறு, எடை தூக்கக் கற்றுத்தரும் ஜிம் மாஸ்டர் வேறு. இரண்டாமவர் கற்றது உடற்கட்டுக் கலை. எடைப்பிரிவின் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சில வாரம் மருந்து எடுத்துச் சில வாரம் நிறுத்துவதைக் குறிக்கும் ‘சைக்கிள்’ போடுவது என்ற பேச்சு அந்தச் சுவர்களுக்குள்தான் புழங்குகிறது. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாநிலம் முழுவதும் 50 ஜிம்களில் நடத்திய சோதனையில் சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள மருந்துகள் பிடிபட்டன. 1945-ம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணைப்படி அனபாலிக் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அந்த விதியைச் செயல்படுத்துவது அந்தந்த மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. வாளையாற்றிலோ கோவிந்தாபுரத்திலோ எல்லை கடந்தால் கோவையும் பொள்ளாச்சியும். குமுளியிலிருந்து மலையிறங்கினால் கம்பமும் தேனியும். ஒரு பக்கத்தில் கெடுபிடி கூடினால் மறுபக்கத்துக் கடை பேருந்துத் தொலைவில் இருக்கிறது. 2022-ம் ஆண்டின் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமோ போட்டி வீரரையும் அவரைச் சார்ந்தவர்களையும் நோக்கியது. கடைக்காரரின் சீட்டுப் பதிவேடு அதன் எல்லைக்குள் வராது.

தீங்குகளுள் மல்லருக்கே உரியது ஒன்றுண்டு. பொதுவான எச்சரிக்கைகளில் அது இடம்பெறுவதில்லை. டெஸ்டோஸ்டீரான் இரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிப்பாக்கும். எடை பார்ப்பதற்குமுன் நீரை ஒடுக்கி, ரப்பர் உடுப்பணிந்து வியர்த்து எடையைக் கழிப்பதும் இரத்தத்தைத் தடிப்பாக்கும். இரண்டும் ஒரே வாரத்தில் ஒரே உடலில் கூடினால் இதயத்தின் சுமை மேலும் கூடும். மருந்தே இல்லாமல், எடைக்குறைப்பினால் மட்டுமே 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்லர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். நெடுங்காலப் பயன்பாட்டின் விளைவை 2017-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்தது. பளுப்பயிற்சி செய்யும் 140 ஆண்களில், ஸ்டீராய்டு எடுத்தவர்களின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் சராசரியாக 52 விழுக்காடு இரத்தத்தையே வெளித்தள்ளியது. எடுக்காதவர்களுக்கு அது 63. வாயால் விழுங்கும் மாத்திரைகள் ஈரலைக் கெடுக்கும். வளர்ச்சி முடியாத பையனுக்கு எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடி, உயரம் அங்கேயே நின்றுவிடும். பெண்களுக்குத் தடித்துப்போகும் குரல் மருந்தை நிறுத்தினாலும் திரும்புவதில்லை.

ஆகவே தடுப்பின் எடை சிறுநீர்ப் புட்டியிலிருந்து சற்று விலகி, மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். முதலாவது மருந்துக்கடைப் பதிவேடு. எல்லை மாவட்டங்களில் இரு மாநிலத் துறைகளும் சேர்ந்து, ஹார்மோன் மருந்துகளின் மொத்த விற்பனைச் சீட்டையும் மருத்துவர் சீட்டையும் ஒப்பிட்டாலே கசிவு தெரிந்துவிடும், ஆய்வகம் தேவையில்லை. இரண்டாவது எடை அட்டை. பள்ளி அளவிலேயே மல்லரின் எடையையும் கொழுப்பு விழுக்காட்டையும் பருவத் தொடக்கத்தில் பதிந்து, அவர் இறங்கக்கூடிய மிகக் குறைந்த பிரிவை மருத்துவர் வரையறுத்துவிட்டால், எடையைப் பிழிவதற்கான தூண்டுதலே தளரும். அமெரிக்கக் கல்லூரிகள் 1997 சாவுகளுக்குப்பின் கொண்டுவந்த முறை இதுவே. மூன்றாவது மொழி. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தடைப்பட்டியலும் துணையுணவு எச்சரிக்கையும் தமிழில், அவர்கள் ஜிம்மில் கேட்கும் பெயர்களோடு சேர வேண்டும். மெத்தாண்டியனோன் என்று மட்டும் அச்சிட்டால் ‘டி-பால்’ வாங்குபவர் தம்மைப் பற்றிய செய்தி என்று அறியமாட்டார்.

சோதனையை மாவட்டங்களுக்கு விரிப்பதே வழி என்ற எதிர்வாதத்துக்கு ஒரு பதில் உண்டு. பிடிபட்டவர் தடைபெற்று விலகிய பிறகும் அவர் உடல் அங்கேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்த காலமெல்லாம் சொந்தச் சுரப்பு அடங்கிக் கிடக்கும். மருந்தை நிறுத்தியதும் அது உடனே விழித்துக்கொள்வதில்லை. திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல். அந்த இடைக்காலத்தில் சோர்வு, மனவாட்டம், ஆண்மைக்குறைவு எல்லாம் வந்து சேர்ந்து, பழைய ஊசிக்கே ஆளைத் திருப்பும். இதற்கு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில் சிகிச்சை உண்டு. அந்நிலையில் வரும் இளைஞரிடம் பாலக்காடு, இடுக்கி அரசு மருத்துவக் கல்லூரிகளின் புறநோயாளர் பிரிவில் எந்த மருந்து, எத்தனை வாரம் என்று அவர் மொழியிலேயே, தண்டனைப் பேச்சில்லாமல் கேட்பதிலிருந்துதான் அந்தச் சிகிச்சை தொடங்க முடியும்.